ஒரு திருகாணி, இரண்டு பல்

காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் எங்கள் கோஷ்டியில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து வயது 350-க்கு மேல். முன்பெல்லாம் டி.ஏ. உயர்வு, அரியர்ஸ் என்று பேச்சு ஓடும். இப்போது முழங்கால், சர்க்கரை, பல். போன வாரம் எங்களில் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "பல் கட்டச் சொல்றாங்க. இம்ப்ளான்ட் போட்டா ஆயுசுக்கும் இருக்குமாம், எதை வேணும்னாலும் கடிக்கலாமாம். நீங்க போட்டிருக்கீங்களே, நிஜமா?" என்று கேட்டார். டீ ஆறிப்போகும் வரை சொன்னேன். அப்படியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன். என் வாயில் நடந்த கதைதான். நடுவில் நான் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று வரும். அதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் என் பல்லைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். சாப்பாடு என்றால் அது வெற்றிலை பாக்கில்தான் முடியும். தாத்தாவுக்குப் பாக்குவெட்டி உண்டு, இடிக்கச் சின்ன உரல் உண்டு. எங்கள் வயதுப் பையன்களுக்கோ கொட்டைப் பாக்கைக் கடைவாயில் வைத்து 'டக்'கென்று இரண்டாக உடைப்பதுதான் ஆண்பிள்ளைத்தனம். பொங்கல் கரும்புக்குக் கத்தி தேடியதில்லை. கலர் பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பேன். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் வரிசையாக மூன்று பாட்டில் திறந்து காட்டினேன். என் மனைவி அன்றைக்கு ரசித்தாளா, பயந்தாளா என்று கடைசி வரை சொல்லவே இல்லை.

2009-இல், வேலையில் இருக்கும்போதே, அந்த வீரம் முடிவுக்கு வந்தது. பாக்கு கடிக்கையில் வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேர் வரை விரிசல் விட்டது. பிடுங்கியாயிற்று. அதற்குப் பின்னால் இருந்த பல் 2015-இல் போனது. பாக்கையும் அத்தோடு விட்டேன் (அதை விட்டதற்குப் பல்லைவிடப் பெரிய காரணங்கள் உண்டு, வாய்ப் புற்றுநோய் வார்டு ஒன்றைப் பார்க்க நேர்ந்தது). வலப்பக்கம் ஓட்டை. இடப்பக்கமே மென்று காலம் தள்ளினேன்.

கழற்றி மாட்டும் செட்டு வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். காரணம் அப்பா. ராத்திரியில் அவருடைய செட்டு டம்ளர் தண்ணீரில் கிடந்து சிரித்துக்கொண்டிருக்கும். கட்டிய புதிதில் கச்சிதமாக இருந்தது நாலைந்து வருஷத்தில் லொடலொட என்று ஆனது. "சரியாக் கட்டலை" என்று டாக்டரைத் திட்டுவார். டாக்டர் மேல் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. பல் இருந்தவரை அதன் வேர் வழியாகத் தாடை எலும்புக்கு வேலை வந்துகொண்டிருக்கும். பல் போனதும் வேலையும் போயிற்று. வேலை இல்லாத எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். போதாததற்கு, செட்டு ஈறின் மேல் உட்கார்ந்து மேலிருந்து அமுக்கும்போது கரைவது இன்னும் வேகமாகும். செட்டு அப்படியேதான் இருந்தது. அதன் அடியில் தரை இறங்கிவிட்டது. கடைசிக் காலத்தில் அப்பாவின் முகமே ஒடுங்கி, மூக்கும் மோவாயும் நெருங்கி வந்ததற்கும் அதுதான் காரணம்.

2018-இல் மகள் பிடிவாதமாக இம்ப்ளான்ட் போட அழைத்துப் போனாள். மருத்துவமனை பெயர் வேண்டாம். இரண்டு பல் போன இடம், ஆகவே இரண்டு திருகாணி என்றார் அந்த டாக்டர். ஒன்றின் விலையைக் கேட்டதும் எனக்குள் இருந்த எஸ்டிமேட் போடுகிறவன் விழித்துக்கொண்டான்.

"ஒரே ஆணி போட்டு, அதுலயே ரெண்டு பல்லையும் சேர்த்துக் கட்ட முடியாதா டாக்டர்?"

"கட்டலாம் சார். ஆனா பின்னாடி பல் அந்தரத்துல தொங்கும். அவ்வளவு நல்லதில்ல."

"சின்னதா வச்சிடுங்க, போதும்."

அவர் இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். மிச்சமான பணத்தில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கினோம்.

வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான். பொதுப்பணித்துறையில் 33 வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்தரத்தில் தொங்கும் பாரம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் சன்ஷேடுக்குக் கம்பி கட்டியிருந்ததைப் பார்க்கப் போனேன். கம்பியைக் கீழ்ப்பக்கம் வைத்திருந்தார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் பலகை கீழ்நோக்கி வளையப் பார்க்கும், இழுபடுவது மேற்பக்கம், கம்பி அங்கேதான் இருக்க வேண்டும். மறுநாள் காலை கான்கிரீட். கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணரை அடி சன்ஷேடுதானே சார்" என்றார். "மழை பெஞ்சா பசங்க இதுக்குக் கீழதான்யா வந்து நிப்பாங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாத்தியார் வெளியே வந்து பார்த்தார். அத்தனை கம்பியையும் பிரித்துக் கட்ட வைத்தேன். அதே ஆள்தான் 2018-இல் தன் வாய்க்குள் ஒரு தூணில் இரண்டு பல்லைக் கட்டச் சொல்லி, சிக்கனம் என்று சந்தோஷப்பட்டான்.

இந்தத் திருகாணி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத்தில் செய்த மறை உள்ள சின்ன ஆணி. என்னுடையது 4 மில்லிமீட்டர் தடிமன், 10 மில்லிமீட்டர் நீளம். எலும்பில் துளை போட்டு முடுக்கி, மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியில் எலும்பு வளர்ந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகுதான் மேலே பல். அந்த மாதங்களில் ஆணி அசையக் கூடாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆட்டம் கொடுத்தால்கூட எலும்புக்குப் பதில் நார் வந்து சூழ்ந்துகொள்ளலாம். பிறகு பிடிப்பு கிடைக்காது. கான்கிரீட் போட்ட இடத்தில் நாள் கணக்கு முடியாமல் சென்ட்ரிங் பிரிக்க விடமாட்டோம் அல்லவா, அது மாதிரி.

எலும்பு இப்படி உலோகத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்பது யாரும் தேடிப் போய்க் கண்டுபிடித்ததில்லை. சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்பவர் 1952 வாக்கில் முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் ஒரு சின்னக் கூடு செய்து பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் விலையுள்ள சாமான் வீணாகிவிட்டதே என்று அலுத்துக்கொண்டிருப்பார். இவர் அதையே பிடித்துக்கொண்டு போய், 1965-இல் யோஸ்டா லார்சன் என்ற மனிதருக்குத் தாடையில் ஆணிகள் பொருத்திப் பல் கட்டினார். லார்சனுக்குப் பிறவியிலேயே தாடைக் கோளாறு. 2006-இல் அவர் காலமாகும் வரை, நாற்பது வருஷம், அந்த ஆணிகள் உழைத்தன. 'ஆயுசுக்கும் இருக்கும்' என்று எல்லாரும் சொல்வது பொய் இல்லைதான்.

ஆனால் நம் சொந்தப் பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. இது எனக்குத் தெரியாது. சுவரில் அடித்த முளை மாதிரிப் பல் நிற்கிறது என்றுதான் எழுபது வயது வரை நினைத்திருந்தேன். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் இடைவெளி. அதில் குறுக்கும் நெடுக்குமாக நார்கள். பல் அந்த நார்களில் தொட்டில் மாதிரித் தொங்குகிறது. பாலம் கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கர்டரைக் கொண்டுபோய்த் தூணின் தலையில் நேரே வைக்க மாட்டோம். நடுவில் பேரிங் வைப்போம். லாரி போகும்போது அது அமுங்கி, அசைந்து, தூணுக்கு அடி விழாமல் பார்த்துக்கொள்ளும். பல்லின் நார்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

அழுத்திக் கடிக்கும்போது நம் பல் 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கிக் கொடுக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று; ஒரு தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இம்ப்ளான்ட் அமுங்குவது 3 முதல் 5 மைக்ரான்தான், அதுவும் எலும்பு கொஞ்சம் நெகிழ்வதால். அப்படியானால் என்ன ஆகும்? வரிசையில் மற்ற பற்கள் எல்லாம் பாரம் வந்ததும் லேசாகக் குனிந்துகொள்ள, குனியத் தெரியாத இது மட்டும் முழுப் பாரத்தையும் தலையில் வாங்கும். நீலக் கார்பன் தாள் மாதிரி ஒன்றை வாயில் வைத்து, "கடிங்க, விடுங்க, கடிங்க" என்று பல் டாக்டர்கள் உயிரை எடுப்பார்களே, அது இதற்காகத்தான். நீலம் அதிகம் படிந்த இடத்தைத் தேய்ப்பார்கள். மெதுவாகக் கடித்தால் இம்ப்ளான்ட் பல் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அழுத்திக் கடித்தால்தான் தொட வேண்டும்.

அந்த நார்களுக்கிடையே இன்னொன்றும் இருக்கிறது, நரம்பு. சோற்றில் கல் கடிபட்டால் என்ன நடக்கிறது? நாம் யோசிப்பதற்கு முன்பே வாய் நின்றுவிடுகிறது. பிறகுதான் "யார் அரிசி பார்த்தது" என்ற சண்டை. வாயை நிறுத்தியது அந்த நரம்பு. இரண்டு பல்லுக்கு நடுவில் 20 மைக்ரான் தகட்டை வைத்தால்கூட நம் பல்லுக்குத் தெரியும், தலைமயிரைவிட மெல்லியது அது. இம்ப்ளான்ட்டுக்கு அந்த நரம்பு கிடையாது. எலும்பும் தசையும் தாடை மூட்டும் சொல்வதை வைத்துத்தான் அது உணர வேண்டும். 50 மைக்ரானாவது இருந்தால்தான் தெரிகிறது. ஆக, பேரிங்கும் இல்லை, மணியடித்து நிறுத்துகிறவனும் இல்லை.

எலும்பு எப்படி இந்தப் பாரத்தை எடுத்துக்கொள்கிறது என்று கேட்டால், அது செங்கல் சுவர் மாதிரி சும்மா நிற்பதில்லை. எந்நேரமும் மராமத்து வேலை நடந்துகொண்டிருக்கும். இடிக்கிற கூட்டம் ஒன்று, கட்டுகிற கூட்டம் ஒன்று. பாரம் வருகிற இடத்தில் கட்டும், வராத இடத்தில் பிரித்துவிடும். ஜெர்மனியில் ஜூலியஸ் வோல்ஃப் என்ற அறுவை மருத்துவர் 1892-இலேயே இதைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு தடித்திருக்கும். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதந்துவிட்டு வருகிறவர்களுக்கு இடுப்பு எலும்பு மெலிந்திருக்கும். பல் போன அப்பாவின் தாடைக்கு நடந்ததும் அதேதான்.

பிற்பாடு ஹெரால்டு ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார். ஒரு மீட்டர் நீள எலும்பை ஒரு மில்லிமீட்டர் அமுக்கினால் அதை 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50, 100-க்குக் கீழே போனால் எலும்பு கரையும். அதற்கு மேல் 1000, 1500 வரை இருப்பது இருக்கும். இன்னும் ஏறினால் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். 3000, 4000-ஐத் தாண்டினால் நுண்ணிய விரிசல்கள் மராமத்தை முந்திக்கொண்டு பெருகும், எலும்பு பின்வாங்கும். எலும்பு ஒரேயடியாக ஒடிய 25,000 வேண்டும். அதாவது ஒடிவதற்கு வேண்டிய பாரத்தில் ஆறில் ஒரு பங்கிலேயே அது தோற்கத் தொடங்கிவிடுகிறது. வலி கிடையாது, சத்தம் கிடையாது.

இன்னொன்று. ஆணி நெடுகப் பாரம் சமமாகப் பரவும் என்று நினைக்காதீர்கள். கடப்பாரையைத் தரையில் குத்தி ஆட்டிப் பாருங்கள். மண் வாய் பிளப்பது மேலேதான், அடியில் இல்லை. டைட்டானியம் எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பானது. அதனால் அழுத்தம் எல்லாம் கழுத்தில், எலும்பின் மேல் விளிம்பில் வந்து குவியும். நேர் கீழே இறங்கும் அமுக்கத்தை எலும்பு நன்றாகவே தாங்கும். இழுவையை அதைவிடக் குறைவாக. அறுத்துக்கொண்டு போகும் பக்கவாட்டு விசையை எல்லாவற்றையும்விடக் குறைவாக.

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

2019 தையில் பல் கட்டி முடிந்தது. முறுக்கு, தட்டை, நாட்டுக்கோழி என்று ராஜபோகம். ஒரு வருஷம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் ஆணியின் கழுத்தில் எலும்பு ஒரு மில்லிமீட்டர் போல இறங்கியிருந்தது. முதல் வருஷம் அவ்வளவு இறங்குவது சகஜம், அதற்குப் பிறகு வருஷத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை என்றார்கள். நான் கவலைப்படவில்லை.

2021 கார்த்திகையில் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

2022 ஆடி மாதம் அந்தப் பல் லேசாக ஆடியது. உள்ளே இருக்கும் குட்டி ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று முடுக்கி அனுப்பினார்கள். நாலு மாதத்தில் மறுபடி ஆடியது. மறுபடி முடுக்கினார்கள். மறை கழண்ட கேஸ் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். ஸ்க்ரூ திரும்பத் திரும்பத் தளர்வது, பாரம் மிஞ்சுகிறது என்பதற்கு முதல் அடையாளம் என்று அப்போது தெரியாது. பாலத்தில் ஒரே போல்ட் இரண்டு தடவை கழன்றால் முடுக்கிவிட்டு வந்துவிடுவேனா? வாயில் என்றால் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

2023 பிப்ரவரியில் வேறு டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், என் மகளைவிட இளையவர். எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ஆணியின் கழுத்தைச் சுற்றி எலும்பு கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. பேனா முனையால் மறையை எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு மறை எலும்புக்கு வெளிய நிக்குது சார்." குழி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். தொங்கு பல் இருந்த பக்கம்.

"ராத்திரி பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா சார்?"

"இல்லையேம்மா."

"தூக்கத்துல நமக்கே தெரியாது. வீட்ல ஆன்ட்டி ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

சொல்லியிருக்கிறாள். நாற்பது வருஷம் சொல்லியிருக்கிறாள். மார்ச் மாதம் பில் முடிக்கும் நாட்களில், ஆடிட் வந்த வாரங்களில், தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கிய வருஷம் முழுக்க. "என்னங்க, நறநறன்னு கடிக்கிறீங்க, மாவு மில்லுக்குப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு" என்று விலாவில் ஒரு குத்து விடுவாள். நான் புரண்டு படுப்பேன். சத்தம் நின்றுவிடும். காலையில் எனக்கு ஒன்றும் நினைவிருக்காது. தூக்கம் கெட்டது அவளுக்குத்தான். அதை ஒரு கோளாறு என்று நான் நினைத்ததே இல்லை. பெண்டாட்டிகளின் புகார்ப் பட்டியலில் ஈரத் துண்டுக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவைத்திருந்தேன்.

"அவங்க இல்லம்மா" என்றேன். டாக்டர் ஒன்றும் பேசாமல் எக்ஸ்ரேயைத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த மே மாதம் மகள் பெங்களூரிலிருந்து பிள்ளையோடு வந்தாள். பேரனுக்கு ஏழு வயது. என் பக்கத்தில்தான் படுப்பான். மூன்றாம் நாள் காலை எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தாத்தா, ராத்திரி நீங்க கல்லு தின்னீங்களா?" என்று கேட்டான். மகள் சிரித்தாள். "அம்மா சொல்லுவாங்களேப்பா" என்று ஆரம்பித்தவள், சட்னி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவள் தன் போனை என் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்து, மறுநாள் போட்டுக் காட்டினாள். அம்மிக்கல்லில் மணலைப் போட்டு இழுத்த மாதிரி ஒரு சத்தம். நிற்கிறது, சில நொடி கழித்து மறுபடி. எழுபது வயதில் முதல் தடவையாக அதைக் கேட்டேன்.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாப்பிடும்போது நாம் செலுத்துவது பெரிய பாரம் இல்லை, சோறும் காயும் என்றால் சில கிலோ, கடினமானதென்றால் பத்து, பதினைந்து. பல்லோடு பல் நிஜமாகத் தொட்டுக்கொள்ளும் நேரமும் ஒரு நாளில் நிமிஷக் கணக்கில்தான். நல்ல வயதில் கடைவாய்ப் பல்லால் முழு மூச்சாகக் கடித்தால் 60, 70 கிலோ கூட இறங்கும், ஆனால் விழித்திருக்கும்போது அந்த அளவுக்கு நாம் போவதில்லை, நரம்பு விடாது. தூக்கத்தில் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. நேர் கீழேயும் கடிக்காது, பக்கவாட்டில் அரைக்கும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். தொங்கு பல்லின் நடுவில் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆணியின் நடுவிலிருந்து தூரம் 8 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் நீள ஆணி அந்தத் திருப்பத்தை எதிர்த்து நிற்க வேண்டுமானால், கழுத்தில் எலும்பின் மேல் பக்கவாட்டில் ஏறத்தாழ 24 கிலோ. இது தோராயக் கணக்குதான், டிசைன் சர்க்கிளில் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் 2018-இல் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த மூன்று வரியை எழுதிப் பார்த்திருந்தால் இரண்டாவது ஆணிக்குப் பணம் கொடுத்திருப்பேன். இன்வெர்ட்டர் அடுத்த வருஷம் வாங்கியிருக்கலாம்.

எல்லாப் பழியையும் கடியின் மேல் போட முடியாது என்றும் அந்த டாக்டர் சொன்னார். இதில் பல் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லையாம். குரங்குகளிடம் செய்த ஒரு சோதனையில் அளவுக்கு மிஞ்சிப் பாரம் கொடுத்த இம்ப்ளான்ட்டுகளில் பல பிடிப்பு விட்டுக் கழன்றே போயின. நாய்களிடம் செய்த இன்னொன்றில், மாதக்கணக்கில் பாரம் கொடுத்தும் பிடிப்பு விடவில்லை. அழுக்கு சேர்ந்து ஈறு புண்பட்ட இடத்தில் பாரமும் சேரும்போது எலும்பு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் பலரும் ஒத்துப்போகிறார்கள் போலிருக்கிறது. "நைட் பிரஷ் பண்றீங்களா சார்?" என்று கேட்டார். பண்ணுவதில்லை. அவள் போன பிறகு விட்டுவிட்டேன். ராத்திரி கிடைத்ததைத் தின்றுவிட்டு டி.வி. முன்னாலேயே தூங்கிப்போவேன். தொங்கு பல்லின் அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார்கள், அந்த நூல் டப்பா எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சர்க்கரையும் ஏறியிருந்தது. ஆக, எந்தக் காரணத்துக்கு எத்தனை மறை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

வைத்தியம் இதுதான். முதல் வேலையாகத் தொங்கு பல்லை அறுத்து எடுத்தார். அரை நிமிஷம் 'கிர்ர்' என்றது, முடிந்தது. மிச்சமிருந்த பல்லின் அகலத்தைக் குறைத்தார். மேலே இருந்த மேடு பள்ளத்தை ஏறக்குறைய மட்டமாக்கினார், ஏனென்றால் சரிவில் விழும் பாரம் பக்கவாட்டில் சறுக்கும், மட்டத்தில் விழுவது நேரே இறங்கும். நீலத் தாளை வைத்து ஏழெட்டுத் தடவை கடிக்கச் சொன்னார். குழியைச் சுத்தம் செய்தார். கடைசியில், ராத்திரி மாட்டிக்கொள்ள மேல் பல் வரிசைக்குக் கெட்டியான பிளாஸ்டிக்கில் ஒரு கவசம். அது கடிப்பதை நிறுத்தாது. கடித்தால் பாரத்தை எல்லாப் பல்லுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான்.

2024 தொடக்கத்தில் ஓர் எக்ஸ்ரே, 2025-இல் ஒன்று. இரண்டிலும் நாலு மறை, நாலு மறையாகவே நிற்கிறது. போன எலும்பு திரும்பவில்லை. மேற்கொண்டு இறங்கவும் இல்லை. முறுக்கை உடைத்துப் போட்டுச் சாப்பிடுகிறேன். கரும்பைத் துண்டு போட்டு மகள் தருகிறாள். பின்னால் ஒரு பல் இடம் காலியாகக் கிடக்கிறது, இருக்கட்டும்.

தலைமையாசிரியருக்கு வருவோம். போட்டுக்கொள்ளுங்கள் சார், நல்ல வைத்தியம், எத்தனை பல்லுக்கு எத்தனை ஆணி என்று மட்டும் என்னை மாதிரிப் பேரம் பேசாதீர்கள் என்றேன். ராத்திரி பல்லைக் கடிப்பீர்களா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு டாக்டரிடம் போங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அவளுக்கு இப்ப ரெண்டு காதும் மந்தம் சார். நான் கத்துனாலே கேக்காது, கடிக்கிறதா கேக்கும்?" அப்படியானால் பேரனைப் பக்கத்தில் படுக்கப் போடுங்கள் என்றேன்.

என் கவசம் மேஜை மேல் நீல டப்பாவில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்வார் டாக்டர். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ராத்திரி அரைத்த கோடுகள் தெரியும். போன கார்த்திகை கழிந்ததும் எடுத்துப் பார்த்தேன், வலப்பக்கக் கோடுகள் கொஞ்சம் ஆழமாகியிருந்தன. அதை டாக்டரிடம் சொல்லவில்லை. அவரே பார்த்துவிட்டு, தேய்ந்துவிட்டது, தையில் வந்து புதிதாக அளவு கொடுங்கள் என்றார்.